நமீபியாவில் சுட்ட மான் தலையை வீட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு ஆகும்?

கேள்வி, 11 பிப்ரவரி 2023

அடுத்த வருடம் நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகலாம் என்று ஆபீஸ் நண்பர் கூப்பிடுகிறார். ஏழு நாள், நான்கு விலங்கு, ஐயாயிரம் டாலர் சொச்சம். தலை, தோலையெல்லாம் பெட்டியில் போட்டு நாமே எடுத்து வந்துவிடலாம், மிஞ்சிப்போனால் முந்நூறு டாலர் கூடுதலாக ஆகும் என்கிறார். இங்கே யாராவது கொண்டுவந்திருக்கிறீர்களா?

12 பிப்ரவரி 2023

உங்கள் நண்பர் இதுவரை எதையும் கொண்டுவந்ததில்லை.

நான் போனது 2022 ஜூனில். நான்கு உருப்படி: கூடூ, ஜெம்ஸ்பாக், ஸ்பிரிங்பாக், வார்த்ஹாக். (கூடூ என்றால் முறுக்குக் கொம்பு வைத்த பெரிய மான். கூடு என்று எழுதினால் குருவிக்கூடு என்று நினைப்பீர்கள், அதனால்தான் நெடில். ஜெம்ஸ்பாக், ஸ்பிரிங்பாக் இரண்டும் மான் மாதிரிதான், வார்த்ஹாக் காட்டுப்பன்றி.) எட்டு மாதம் ஆகிறது. என் சாமான் இன்னும் நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்கில் ஒரு கிடங்கில்தான் கிடக்கிறது.

வழி இதுதான். பண்ணையில் தோலை உரித்து உப்பு போடுவார்கள், மண்டையை வேகவைத்துச் சதை எடுப்பார்கள். அங்கிருந்து "டிப் அண்ட் பேக்" செய்கிற இடத்துக்குப் போகும். அங்கே பூச்சிமருந்தில் முக்கி, காயவைத்து, ஏற்றுமதி அனுமதியும் கால்நடை மருத்துவச் சான்றிதழும் வாங்கி, மரப்பெட்டியில் அடைப்பார்கள். அப்புறம் விமானம். இங்கே அமெரிக்காவில் இறங்கினால் மீன் வனவிலங்குத் துறை, சுங்கம், விவசாயத் துறை என்று மூன்று மேஜை. அதைத் தாண்டினால் பாடம் செய்பவரிடம், அதாவது தோலைப் போர்த்தி உயிருள்ள தலை மாதிரி ஆக்கித் தருபவரிடம், ஒரு வருடம் வரிசை.

முந்நூறு டாலரா! அந்தப் பெட்டியின் பலகைக்குக்கூடக் காணாது.

12 பிப்ரவரி, இரவு

பெட்டியில் போட்டு எடுத்து வருவதைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. முடியாது என்றும் சொல்வதற்கில்லை. சுத்தமாக வேகவைத்துக் காயவைத்த மண்டையும் கொம்பும், காகிதமெல்லாம் தயாராக இருந்தால், சாமானோடு கொண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் இறங்குகிற ஊர் வனவிலங்குச் சரக்குக்கு அனுமதிக்கப்பட்ட நுழைவாயிலாக இருக்க வேண்டும், 3-177 என்ற படிவம் கொடுக்க வேண்டும். ஹூஸ்டன், டாலஸ் இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. வேறு ஊரில் இறங்கி வெளியே வந்துவிட்டு, பிறகு ஹூஸ்டனில் காட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் நடக்காது.

ஆனால் தோல் நம்மோடு வரவே வராது. ஏழாம் நாள் நீங்கள் விமானம் ஏறும்போது, ஆறாம் நாள் சுட்டதன் தோல் உப்பில் ஈரமாகக் கிடக்கும்.

2015-இல் ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கம் சுடப்பட்ட பிறகு டெல்டா போன்ற சில நிறுவனங்கள் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய ஐந்தின் வேட்டைப் பொருளை ஏற்றுவதில்லை என்று அறிவித்தன. கூடூ அதில் இல்லை. இருந்தாலும் கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்கு உங்கள் கையில் இருப்பது என்ன மான் என்று தெரியாது. அங்கே நின்று பாடம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

15 பிப்ரவரி 2023

விமானத்தில் அனுப்ப ஏன் இவ்வளவு விலை என்று கேட்டிருந்தீர்கள். கொம்பைச் சுற்றியிருக்கும் காற்றுக்குத்தான் காசு. விமானச் சரக்கில் எடை, பருமன் இரண்டையும் பார்த்து எது அதிகமோ அதற்குப் போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ.

16 பிப்ரவரி 2023

தப்பு. 5000 கூரியர் கணக்கு. விமானச் சரக்குக்கு 6000. நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன்.

என் பெட்டி 140 × 85 × 75 என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 149 கிலோ. உள்ளே இருப்பதன் உண்மையான எடை, பெட்டியையும் சேர்த்து, 61 கிலோ. மீதி 88 கிலோ நமீபியக் காற்று.

அதைக் குறைக்க வழி இருந்ததாம், இப்போதுதான் தெரிகிறது. கூடூ, ஜெம்ஸ்பாக் இரண்டுக்கும் கொம்பு என்பது எலும்பு முளையின்மேல் மாட்டிய உறை. வேகவைத்தால் கழன்று வரும். உள்ளே இருக்கும் எலும்பை அறுத்துவிட்டு உறைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் பெட்டி பாதியாகிவிடும். பாடம் செய்பவர் திரும்ப மாட்டிக்கொள்வார். இதை அவர்களே சொல்ல மாட்டார்கள், நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. பெட்டி ஆணி அடித்தாயிற்று.

3 மார்ச் 2023

அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் இருந்தவர். வேட்டை, மான், அமெரிக்கா எதிலும் அவருக்கு ஆர்வமில்லை. ஒரே கேள்வி கேட்டார்: "உரிச்சு எத்தனை மணி நேரத்துக்குள்ள உப்பு போட்டாங்கப்பா?"

யோசித்துப் பார்த்தேன். கூடூவைச் சுட்டது காலையில், பத்து மணிக்கெல்லாம் பண்ணைக்கு வந்துவிட்டோம். ஜெம்ஸ்பாக்கும் அப்படித்தான். ஸ்பிரிங்பாக் மட்டும் பதினொன்றரைக்கு. அதற்கப்புறம் வார்த்ஹாக் தேடி அலைந்து, வண்டியின் பின்னால் ஸ்பிரிங்பாக் வெயிலிலேயே கிடந்து, திரும்பும்போது ஆறு மணி. ஜூன் அங்கே குளிர்காலம்தான், ஆனாலும் மதிய வெயில் வெயில்தானே.

"அப்ப மயிர் நிக்காது" என்றார். பச்சைத் தோலைக் கண்ணால் பார்க்காமலே ஆயிரக்கணக்கான மைலுக்கு இப்பால் தீர்ப்பு.

"ஷாப்புலயே பொறந்து வளர்ந்த புள்ள, இதுகூட தெரியலையாடா" என்று பின்னாலிருந்து அம்மா. அவருக்கு வேறு கவலை: செத்த விலங்கின் தலையைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருவது. அதைப் பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டேன்.

8 ஏப்ரல் 2023

வரிக்குதிரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கிறார். எந்த வரிக்குதிரை? சமவெளி வரிக்குதிரை என்றால் சைட்டிஸ் (அரிய உயிரினங்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் கிடையாது. ஹார்ட்மன் மலை வரிக்குதிரை இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அதற்கு சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி வேண்டும். நமீபியாவில் இரண்டும் உண்டு. மலை வரிக்குதிரையின் கழுத்தடியில் அலைதாடி மாதிரி ஒரு தொங்கல் இருக்கும், வரிகள் வயிற்றுக்கு அடியில் சேராது. சுடுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். பபூன் குரங்கும் இரண்டாம் பட்டியல்தான், அதோடு குரங்கினம் என்பதால் இங்கே நோய்த்தடுப்பு மையத்துக்காரர்களும் குறுக்கே வருவார்கள். ஒட்டகச்சிவிங்கி 2019-இல் சேர்ந்தது.

சிறுத்தை பற்றி ஆசையாக எழுதியவருக்கு: அது முதல் பட்டியல். அங்கே ஏற்றுமதி அனுமதி, இங்கே இறக்குமதி அனுமதி, இரண்டும் கையில் இருக்க வேண்டும். ஏற்றுமதி அனுமதி ஆறு மாதம்தான் செல்லும். சரக்கு தாமதமாகி ஏழாம் மாதம் இறங்கினால் அந்தக் காகிதம் வெறும் காகிதம். தோலில் பூட்டிய அட்டையின் எண்ணும் அனுமதியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு திருத்தித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

9 மே 2023

பெட்டி ஹூஸ்டனில் இறங்கிவிட்டது. மரத்தில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கிறது, அதாவது பலகையை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சி கொன்ற அத்தாட்சி. அது இல்லாவிட்டால் உள்ளே தங்கமே இருந்தாலும் திருப்பி அனுப்பலாம். நாளை எடுத்துவிடுவேன்.

11 மே 2023

எடுக்கவில்லை.

19 மே 2023

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஜெம்ஸ்பாக்கின் அறிவியல் பெயர் ஓரிக்ஸ் கஸெல்லா. படிவத்தில் அறிவியல் பெயர் போட்டே ஆக வேண்டும். நான் அமர்த்திய சுங்க முகவரின் ஆபீஸில் யாரோ ஓரிக்ஸ் என்று தட்டி, கீழே வந்த பட்டியலில் ஓரிக்ஸ் டம்மா என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஓரிக்ஸ் டம்மா என்பது அரிவாள் கொம்பு ஓரிக்ஸ். 2000-இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட இனம், சைட்டிஸ் முதல் பட்டியல். ஆக, காகிதத்தின்படி நான் காட்டில் இல்லாமலே போன ஒரு மிருகத்தை நமீபியாவில் போய்ச் சுட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆய்வாளர் நல்ல மனிதர். பெட்டியைத் திறந்து கொம்பைப் பார்த்த ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார். ஜெம்ஸ்பாக் கொம்பு ஈட்டி மாதிரி நேராக இருக்கும், மற்றது வளைவு. ஆனால் திருத்திய படிவம், நமீபியக் காகிதத்தின் நகல், இன்னொரு கையெழுத்து என்று ஒன்பது நாள் ஓடியது. கிடங்கு வாடகை 180 டாலர். முகவர் ஆபீஸில் மன்னிப்புக் கேட்டார்கள், வாடகையை யார் கட்டுவது என்றதும் போன் சிக்னல் விட்டு விட்டு வந்தது.

டெக்சாஸ் பண்ணைகளில் இந்த அரிவாள் கொம்பு ஓரிக்ஸ் ஆயிரக்கணக்கில் மேய்கிறது என்பது வேறு கதை. என் வீட்டிலிருந்து மூன்று மணி நேர ஓட்டத்தில்.

உங்களுக்குச் சொல்வது: படிவத்தை முகவர் அனுப்புவதற்கு முன் நகல் கேளுங்கள். அறிவியல் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

21 மே 2023

பன்றிக்குத் தனிச் சட்டம். வார்த்ஹாக் தோலை வீட்டுக்குக் கொண்டுபோக விட மாட்டார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பயம். விவசாயத் துறை அங்கீகரித்த பாடம் செய்பவரிடம்தான் நேரே போக வேண்டும். ஆகவே அது தனியாக ஒரு வேனில் ஏறிப் போய்விட்டது. மண்டையையும் தந்தத்தையும் மட்டும் சுத்தமாக வேகவைத்து அனுப்பச் சொல்லியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சதையும் தோலும் ஒட்டாத காய்ந்த எலும்புக்கு யாரும் பயப்படுவதில்லை.

மற்ற மூன்றையும் கராஜில் வைத்துப் பிரித்தேன். மூடியை நெம்பினதும் வந்த வாசனையில் ஒரு நொடி ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். உப்பு, காய்ந்த தோல், மேலே ஏதோ மருந்து. ஆம்பூர்க்காரர்களுக்குப் புரியும்.

கூடூ தோல் மடித்த அட்டை மாதிரி விறைத்து, நன்றாக இருந்தது. ஸ்பிரிங்பாக்கைத் தூக்கினேன். கழுத்துப் பக்கம் கட்டைவிரல் பட்ட இடத்தில் மயிர் கொத்தாகக் கையோடு வந்தது. கீழே வழவழவென்று வெறும் தோல், உள்ளங்கை அகலத்துக்கு. காதையும் பார்த்தேன். பாடம் செய்கிற தோலுக்குக் காதின் குருத்தெலும்பைப் பிரித்து, கையுறையைத் திருப்புவது போல உள்ளே வெளியே திருப்பி உப்பு போட வேண்டும். உதட்டையும் பிளந்துவிட வேண்டும். இதில் காது திருப்பப்படவே இல்லை.

அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். பதில் ஒரே சொல்: "சொன்னேன்ல."

பண்ணைக்காரர்மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனசில்லை. வார்த்ஹாக் வேண்டும், இன்னும் கொஞ்சம் தேடலாம் என்று மத்தியானம் வண்டியைத் திருப்பவிடாதது நான்தான்.

17 ஜூன் 2023

கணக்கு கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், இந்தாருங்கள். வேட்டைக்குக் கொடுத்தது 5,200, விமான டிக்கெட் தனி. அதற்குப் பிறகு: டிப் அண்ட் பேக், பெட்டி, சான்றிதழ் எல்லாம் சேர்த்து 780 (முதலில் சொன்னது 450). விமானச் சரக்கு 1,430. சுங்க முகவர் 425. கிடங்கு வாடகை 180, சரக்கு முனையக் கட்டணம் 85. ஆக, ஹூஸ்டன் கராஜ் வரைக்கும் 2,900.

பாடம் செய்ய வாங்கிய விலை: கூடூ தோள் வரை 1,650, ஜெம்ஸ்பாக் 1,350, வார்த்ஹாக் 900. ஸ்பிரிங்பாக்குக்குத் தலை கிடையாது, மிஞ்சிய தோலைப் பதனிட்டு விரிப்பாக 240. மொத்தம் 4,140.

கூட்டினால் 7,040. மிருகத்தைவிட மிருகத்தைக் கொண்டுவந்த செலவு அதிகம். ஸ்பிரிங்பாக்குக்கு வேறொரு வேட்டைக்காரர் விட்டுப்போன நல்ல தோல் இருக்கிறது, என் கொம்பில் அதைப் போர்த்தித் தரட்டுமா என்று பாடம் செய்பவர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். யாரோ சுட்ட மானுக்கு என் வீட்டுச் சுவரில் என்ன வேலை?

18 ஜூன் 2023

நேற்றைய கணக்கில் பணம் அனுப்பிய வங்கிக் கட்டணம் விட்டுப்போனது, இரண்டு தடவை நாற்பது. நமீபியாவிலேயே பாடம் செய்து முடித்து அனுப்பினால் மலிவா என்று கேட்டவருக்கு: வேலைக்கூலி அங்கே குறைவுதான். ஆனால் முழுத் தோள் வைத்த கூடூ ஒன்றுக்கே ஆள் உட்காருகிற அளவு பெட்டி வேண்டும். மறுபடி காற்றுக்குக் காசு. நாலைந்து பேர் சேர்ந்து கப்பலில் அனுப்பினால் கட்டும் என்கிறார்கள், நான் செய்து பார்த்ததில்லை.

2 ஜூலை 2023

ஏன் கொல்ல வேண்டும் என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. நமீபியாவில் 1996 சட்டத்துக்குப் பிறகு ஊர் மக்களே நடத்தும் வனவிலங்குப் பகுதிகள் எண்பதுக்கு மேல் வந்தன, வேட்டைப் பணமும் இறைச்சியும் அவர்களுக்குப் போகிறது என்பது வேட்டைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். உண்மைதான். ஆனால் நான் சுட்டது தனியார் பண்ணையில். அந்தப் பதிலை நான் கடன் வாங்க முடியாது. இறைச்சி வீணாகவில்லை, ஜெம்ஸ்பாக்கை நாங்களும் பண்ணை ஆட்களும் ஐந்து நாள் சாப்பிட்டோம். ஒரு துண்டு உப்புக்கண்டம்கூட இங்கே கொண்டுவர அனுமதி கிடையாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், உங்கள் கோபத்தைத் தணிக்க இது போதாது.

14 ஜனவரி 2024

பொங்கல் வாழ்த்துகள். டாலஸ்காரர் ஒருவர் தனியாகக் கேட்டதை இங்கே போடுகிறேன். டெக்சாஸ் பண்ணையில் நம்மூர் வெளிமான் சுட்டாராம். அதன் முறுக்குக் கொம்புத் தலையைச் சென்னையில் அப்பா வீட்டில் மாட்டலாமா?

வேண்டவே வேண்டாம். 1930-களில் கொண்டுவந்து விட்டது இங்கே பெருகிக் கிடக்கிறது, பண்ணைக்காரருக்குப் பணம் கட்டினால் வருடம் முழுக்கச் சுடலாம். கிண்டியிலும் கோடியக்கரையிலும் அதே மான் இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தலையோ கொம்போ வீட்டில் இருந்தால் உரிமைச் சான்று காட்ட வேண்டும். இது டெக்சாஸில் பிறந்த மான் சார் என்று யாரிடம் நிரூபிப்பீர்கள்? சல்மான் கான் மாட்டிய 1998 ஜோத்பூர் மான் வழக்கில் தீர்ப்பு வர இருபது வருடம் ஆனதைப் படித்திருப்பீர்கள். உங்கள் அப்பாவை நிம்மதியாக இருக்க விடுங்கள்.

25 ஆகஸ்ட் 2024

கூடூ வந்துவிட்டது. சுட்டு இரண்டு வருடம் இரண்டு மாதம்.

பாடம் செய்பவரின் பட்டறையில் வேலை நடக்கும்போது ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கண்ணிலிருந்து மூக்குவரை அளந்து, அந்த அளவுக்கு ஃபோம் உருவம் வாங்கி, தோலை ஈரமாக்கி அதன்மேல் போர்த்தி, கழுத்தின் பின்பக்கம் தைக்கிறார்கள். கண் கண்ணாடி. காதுக்குள் பிளாஸ்டிக். மைசூரில் 1999 வரை இருந்த வான் இங்கன் பட்டறையில் காகிதக்கூழ் உருவம் வார்த்துச் செய்வார்களாம், ஊட்டிப் பக்கம் சுவர்களில் அந்தப் புலிகளைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். நான் அட்லாண்டிக் தாண்டி வரவழைத்ததில் உண்மையில் சுவருக்கு வந்தது தோலும் கொம்பும்தான். மீதியெல்லாம் இந்த ஊர்க் கடைச் சரக்கு.

ஹாலில் மாட்ட முடியவில்லை. கொம்பு நுனிக்கும் கூரைக்கும் நடுவே மின்விசிறி. வீட்டில் ஒரே பேச்சு, "அது சாப்பாட்டு மேஜையைப் பார்க்கக் கூடாது." ஆகவே மாடிப்படி வளைவில், முதுகை அடுக்களைக்குக் காட்டியபடி தொங்குகிறது. அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கண்ணு நல்லா வெச்சிருக்காங்க" என்றார்.

மறுபடி போவதாக இருந்தால் மண்டையும் கொம்பும் மட்டும். உறையைக் கழற்றி, எலும்பை அறுத்து, சின்னப் பெட்டியில். தோல் ஒன்றே ஒன்று, அதுவும் உப்பு போடுவதைக் கூடவே நின்று பார்த்து.

3 நவம்பர் 2024

முதலில் கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்தாரா என்று யாரோ விசாரித்தீர்கள். நேற்று எழுதியிருந்தார். போனாராம், சுட்டாராம், படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாராம். நண்பர் நான்கு தோலும் அனுப்பச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

என் வார்த்ஹாக் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை போன் செய்தேன். அடுத்த மாதம் என்றார்கள். போன வருடம் நவம்பரிலும் அடுத்த மாதம் என்றுதான் சொன்னார்கள்.